வெள்ளிக்கிழமை மதியத்துச் செய்முறை வகுப்பு

செய்முறை வகுப்பைப் போனில் நடத்த முடியாது என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர்கூட நடத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. நான் நடத்திப் பார்த்தவள். அதனால் இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிடும். இப்போதும் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் குடியிருந்தோம். நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு நிரந்தர வேலை எதுவும் அமையாமல், கோடை விடுமுறையில் மட்டும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் பட்டம் படிப்பவர்களுக்கான வகுப்பு. வருடம் முழுக்கப் பாடங்கள் அவர்களுக்குத் தபாலில் போகும். செய்முறைக்கு மட்டும் மே மாதம் ஆய்வகத்துக்கு வந்து நிற்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க நேரே பஸ் ஏறி வருகிற ராஜபாளையத்து மில் தொழிலாளிகள், லீவில் ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரர்கள், இரண்டு போலீஸ்காரர்கள் என்று வகுப்பு நிறைந்திருக்கும். ஊசல் ஆடும்போது காற்று படக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். மே மாத வெக்கையில் அந்த அறைக்குள் எல்லோரும் அவிந்துபோவோம்.

அந்த வருடம் வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் அவர் கணவருக்குத் தானியக் கடை. ராவுத்தர் கடை என்றால் யாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் கணிதம் படிக்க ஆரம்பித்து, முதல் வருடத்தோடு நின்றுபோனவர். இப்போது மறுபடியும் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருந்தார். அதற்கு இயற்பியல் துணைப்பாடம், இயற்பியலுக்குச் செய்முறை கட்டாயம். முதல் நாள் அறிமுகத்தின்போது, "இந்த வயசுல எதுக்கும்மா பட்டம்?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். கேட்டவருக்கே நாற்பது இருக்கும். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்குப் போன் வந்தது. என் கணவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததால் எங்கள் வீட்டில் போன் இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் நம்பர் கொடுத்திருந்தேன்.

"டீச்சர், ராஜபாளையத்துல இருந்து பேசுறேன். அவிய கோடவுன்ல மூடை அடுக்கு மேல இருந்து விழுந்துட்டாக. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. கட்டில்லயே கெடக்காக. கடைய நாந்தான் பாக்கணும். இனி கிளாஸுக்கு வர ஏலாது."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "முதல்ல அவங்களப் பாருங்கக்கா. செய்முறைய அடுத்த வருஷம் முடிச்சுக்கிடலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் டீச்சர் இம்புட்டு வருஷம் போச்சு" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லி வைத்திருப்பேன். அந்தக் குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நன்றாகப் புரிகிற பாஷை.

விதி இதுதான்: ஆய்வகத்தில் செய்த சோதனைகளை எழுதிய ரெக்கார்டு நோட்டில் வகுப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். அந்த வருடம் தேர்வு எழுதாவிட்டால் அக்கா மறுபடி எப்போது வருவார், வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நின்றுபோன படிப்பு இரண்டாம் தடவையும் நின்றால் அதற்குப் பிறகு எழும்பாது. நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியரிடம் போய் நின்றேன். அந்த அம்மாவுக்குக் கடையில் போன் இருக்கிறது, எனக்கு வீட்டில் போன் இருக்கிறது, சோதனைகளைப் போனில் சொல்லிச் செய்யவைக்கிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரசம் வைக்கிற பக்குவமாம்மா இது, போன்ல சொல்றதுக்கு? கருவியத் தொடாம என்ன செய்முறை?"

"தொடுவாங்க சார். அங்க இருக்கிற சாமானை வச்சுச் செய்யச் சொல்றேன்."

"நோட்டுல கையெழுத்து நீங்கதானே போடணும்? தாராளமாப் போடுங்க. வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் கேட்டா உங்களத்தான் கை காட்டுவேன். அதுக்குப் பொறவு இந்த லேப்ல உங்களுக்கு வேலை இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

என்னைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

கடை காலையில் திறந்தால் ராத்திரிவரை ஓயாது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் கடைக்காரர்களும் மூடை தூக்குகிறவர்களும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். பாதிக் கதவைச் சாத்திவிட்டு அக்கா மட்டும் உள்ளே இருப்பார். தராசு சும்மா கிடக்கும், போனும் சும்மா கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஆய்வகத்தில் வகுப்பு கிடையாது, நானும் வீட்டில் இருப்பேன். அந்த நேரம்தான் எங்கள் ஆய்வக நேரம். தேர்வுக்கு இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

முதல் சோதனை தனி ஊசல். ஒரு குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆடவிட வேண்டும். அது போய்த் திரும்புவது ஒரு அலைவு. இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 வர வேண்டும். பெரிய தராசைக் கழற்றிவிட்டு, அது தொங்கிய கொக்கியில் அக்கா நூலைக் கட்டினார். நூலின் மறுமுனையில் ஒரு சின்ன எடைக்கல். கணவரின் கைக்கடிகாரத்தில் விநாடி முள் இருந்தது. துணி அளக்கும் டேப்பைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டார். நான் சொல்லச்சொல்லச் செய்தார். "செத்த நேரம் இருங்க டீச்சர்" என்று ரிசீவரை மூடை மேல் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அளவுகளைச் சொன்னார். நான் இந்தப் பக்கம் கணக்குப் போட்டேன். 10.8 வந்தது.

நூலைக் குட்டையாக்கச் சொன்னேன். மறுபடியும் 10.8. நீட்டச் சொன்னேன். அதே 10.8. டேப்பைச் சந்தேகப்பட்டேன், கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், கொக்கி அசைகிறதோ என்று கேட்டேன். அதற்குள் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் இப்படி ஆனால் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். விடை என்ன வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வார்கள். 9.8-இல் தொடங்கிப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற நேரத்தை அட்டவணையில் எழுதிவிடுவார்கள். நாங்களும் பார்த்துச் சிவப்பு மையில் டிக் அடிப்போம். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். நான் படித்த காலத்தில் நானும் செய்ததுதான். அக்காவுக்கு அந்தக் குறுக்குவழியைக் காட்டிக்கொடுக்க ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்கும் தோழர்கள் இல்லை. "புஸ்தகத்துல 9.8-ன்னுதான் போட்டிருக்கு டீச்சர். எனக்கு வர மாட்டேங்குதே, என்ன செய்ய?" என்று அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு வருகிறவரைப் போலக் கேட்டார்.

"அக்கா, இந்தத் தடவை ரிசீவரை ஊசலுக்குப் பக்கத்துல வைங்க. சத்தம் போட்டு எண்ணுங்க. நான் கேக்கேன்" என்றேன்.

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. தெருவில் ஏதோ லாரி ஹார்ன் அடித்தது. பிறகு அக்காவின் குரல் தெளிவாக வந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

"அக்கா, நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ராத்திரி டூட்டி முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

தானியக் கடைகளில் படி அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் படிக்கு 'லாபம்' என்பார்கள், அடுத்தது இரண்டு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அக்காவின் வாயில் எண்ணிக்கை அப்படித்தான் தொடங்கியது. படி அளக்க அது சரி. கொட்டி முடித்த படியைத்தான் எண்ணுகிறோம். ஊசலுக்குச் சரியில்லை. குண்டை விட்ட அந்த நொடியிலேயே லாபம் சொல்லிவிட்டால் ஒரு அலைவு முடிவதற்கு முன்பே ஒன்று கணக்கில் ஏறிவிடும். இருபது என்று அவர் நிறுத்தும்போது குண்டு உண்மையில் பத்தொன்பதுதான் ஆடியிருக்கும். நேரம் குறையும், விடை கூடும். நூலின் நீளத்தை எப்படி மாற்றினாலும் தப்பு மட்டும் மாறாமல் நிற்கும்.

"குண்டை விடும்போது பூஜ்யம்னு சொல்லுங்கக்கா. போய்த் திரும்பி வந்ததும் ஒண்ணு."

"அதெப்படி டீச்சர், கடைக்குள்ள நின்னுக்கிட்டுப் பூஜ்யம்னு சொல்ல? ஏவாரம் நடக்குற இடம். பின்கட்டுல கெடக்குற அவிய காதுல விழுந்துச்சுன்னா கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்துருவாக."

"எந்திரிச்சு வந்தா நல்லதுதானே?"

இருவரும் சிரித்தோம். ஆனால் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "குண்ட விடும்போது லாபம். போயிட்டு வந்தா ஒண்ணு. அப்பொறம் ரெண்டு. சரிதானா?" யோசித்துப் பார்த்தேன். சரிதான். அன்று 9.7 சொச்சம் வந்தது. "புஸ்தகத்துல உள்ளது மாதிரியே வரலயே" என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த டேப்புக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் அதுதான் வரும், அதையே எழுதுங்கள் என்றேன்.

ரிசீவரை வைத்த பிறகு எனக்கு உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் சந்தோஷம் போய்க் கோபம் வந்தது. ஆய்வகத்தில் அக்கா இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மனசுக்குள்தான் எண்ணியிருப்பார். நான் பக்கத்து மேசையில் யாருக்கோ வெர்னியர் அளவுகோலைக் காட்டிக்கொண்டிருந்திருப்பேன். தப்பு தப்பாகவே இருந்திருக்கும், நோட்டில் 9.8 இருந்திருக்கும், என் டிக்கும் இருந்திருக்கும். கண்ணால் பார்க்க வழியில்லாததால் காதைக் கொடுத்தேன். காதைக் கொடுத்ததால் பிடித்தேன். இதைத்தான் செய்முறை இல்லை என்கிறார்கள்!

அதற்குப் பிறகு எங்கள் கை ஓங்கியது. பூதக்கண்ணாடி வழியாக வெளியே இருப்பதன் பிம்பத்தைச் சாக்கு மேல் விழவைத்துக் குவியத்தூரம் கண்டுபிடித்தார். "டீச்சர், வெளிய நிக்கிற லாரி சாக்கு மேல தலைகீழா நிக்கி!" என்று அவர் கத்தியதை மறக்க முடியாது. கடையில் செய்ய முடியாத சோதனைகளுக்குக் கருவியை வாயாலேயே வரைந்து காட்டினேன். அதில் முறுக்கு ஊசலும் ஒன்று. மேலிருந்து ஒரு கம்பி, அதன் நுனியில் கனமான பித்தளைத் தட்டு, தட்டைத் திருகி விட்டால் அது முன்னும் பின்னும் சுழலும் என்றேன். எதைத் திருக வேண்டும், எங்கே கை படக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆய்வகத்தில் யாரும் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. எதிரே இருக்கிற பொருளைப் பற்றி யார் கேட்பார்கள்? கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நோட்டு வந்து சேர்ந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வன்று வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். சோதனையைச் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவுக்கு முறுக்கு ஊசல் விழுந்தது. அதுவரை அவர் கண்ணால்கூடப் பார்த்திராத கருவி. பொறுப்புப் பேராசிரியர் எக்ஸாமினரின் காதில் ஏதோ சொல்வதும், இருவரும் அக்காவைப் பார்ப்பதும் தெரிந்தது. எக்ஸாமினர் அக்காவின் நோட்டோடு என்னிடம் வந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"உங்க மேற்பார்வையில செஞ்சதுன்னு போட்டிருக்கு. இவங்க ஒரே ஒரு நாள்தான் வந்திருக்காங்களாம். நீங்க பாக்கவே இல்லையே?"

"பாக்கல சார். கேட்டேன். வந்தவங்க யாரையும் நான் அப்படிக் கேட்டதில்ல."

கோபத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அக்காவின் மேசைப் பக்கம் போனார். நானும் போனேன். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கருவியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கம்பியின் நீளத்தை அளந்தார். தட்டை மெல்லத் திருகி விட்டு, கடையில் எண்ணுகிற அதே குரலில் தொடங்கினார்.

"லாபம்... ஒண்ணு... ரெண்டு..."

ஆய்வகம் முழுக்கச் சிரிப்பு. "மனசுக்குள்ள எண்ணுங்கம்மா" என்றார் எக்ஸாமினர். அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எண்ணுவதையும் நிறுத்தவில்லை. இருபது முடிந்து கடிகாரத்தை நிறுத்திய பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார். "மனசுக்குள்ள எண்ணுனா தப்பு வந்தாத் தெரியாது சார்" என்றார்.

எக்ஸாமினர், ஊசல் வைத்துச் செய்துகொண்டிருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சத்தமாக எண்ணச் சொன்னார். அவர்களில் பாதிப் பேர் குண்டை விடும்போதே "ஒண்ணு" என்றார்கள். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்கள். நோட்டில் எல்லோருக்கும் 9.8. சிவப்பு மையில் டிக். அவர்களுக்கு அவமானமாகப் போயிற்று. எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. ராத்திரி முழுக்க மில்லில் நின்றுவிட்டு வந்தவர்களை நாங்கள் வரிசையில் நிறுத்தினோமே தவிர, அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கவில்லை. கோபம் அந்த அறை மேல்தான். எக்ஸாமினர் யாரையும் ஃபெயிலாக்கவில்லை. அக்கா தேறினார், நல்ல மதிப்பெண்ணோடு.

அடுத்த மே மாதம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் பொறுப்புப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். டைப் அடித்த ஒரு தாள் மேசையில் இருந்தது. வகுப்புக்கு நேரில் வராதவர் நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டும்.

"போன வருஷம் எக்ஸாமினர் முன்னால லேப் மானத்த வாங்கிட்டீங்க. இதுல கையெழுத்துப் போட்டா உள்ள வாங்க. இல்லேன்னா வேற ஆள் இருக்கு."

எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. வேறு வேலை கிடையாது. ஆனாலும் கை போகவில்லை. செய்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடத்தான் என்னை வைத்திருந்தார்கள், செய்தவர்களை வெளியே நிறுத்த இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீடு வந்து சேரும்வரை வழியில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன்.

வகுப்பு தொடங்கிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. அக்காதான். கணவர் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார், கல்லாவிலும் உட்காருகிறார், அதனால் இந்த வருடம் இரண்டாம் வருடச் செய்முறைக்கு அக்கா வகுப்புக்கே போய் வருகிறார்.

"என்ன டீச்சர், உங்களக் காணோம்? அங்க புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. வரிசையா நிக்கச் சொல்லுதாரு, டிக் அடிக்காரு, போறாரு."

நடந்ததைச் சொன்னேன். "இனிமே என் கையெழுத்து செல்லாதுக்கா" என்றேன்.

"கையெழுத்த அவுக போட்டுக்கிடட்டும். நாங்க தவறாமப் போய் நிக்கோம்லா, போடாம எங்க போவாக? பாடத்த நீங்க எடுங்க. வேலையத்தானே பறிச்சாக, போனைப் பறிக்கலையே?"

அவருக்குப் பின்னால் ஏதோ பேச்சுக் குரல்கள் கேட்டன. ஆண் குரல்கள். மூடை தூக்குகிறவர்கள் என்றால் இந்நேரம் தொழுகைக்குப் போயிருக்க வேண்டும்.

"அங்க யாருக்கா பேசுறது?"

"நம்ம கிளாஸ் ஆளுகதான் டீச்சர், மில்லுக்காரவுக. ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்துட்டாக. கடையில நிக்க எடமில்ல. சீக்கிரம் ஆரம்பிங்க, தொழுக முடிஞ்சு எல்லாரும் வந்துருவாக."

நான் நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.